வெள்ளையன் தீர்த்துக்கொண்டு வந்த டி.சி.

பி.பி.ஏ. துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் யாரோ ஒருவர் தலையில் கல்லூரி மாற்ற வேலையைக் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். யார் என்று கேட்கவில்லை. நன்றாகப் பாடம் நடத்துகிறவராகவும், முடியாது என்று சொல்ல வராதவராகவும் இருப்பார். நானும் அப்படித்தான் மாட்டினேன். மாட்டியவள் பிறகு ஓய்வு பெறும்வரை அதை விடவில்லை. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று நடுவில் ஒரு முதல்வர் சொன்னபோது அவரோடு சண்டையே போட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாம் ஆண்டுச் சேர்க்கை என்பது விதைப்பு. மாற்றம் என்பது நடவு. நான் படவேட்டுப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பம். நாற்றைப் பிடுங்குவதற்கு முன்னால் கழனி சேறாடித் தயாராக இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும். வேறு கல்லூரியில் ஓராண்டு முடித்த பிள்ளை நம்மிடம் இரண்டாம் ஆண்டுக்கு வர வேண்டுமென்றால், நம் வகுப்பில் இடம் காலியாக இருக்க வேண்டும். நாம் சம்மதம் எழுத வேண்டும். பழைய கல்லூரி சம்மதம் எழுத வேண்டும். இரண்டையும் பார்த்துப் பல்கலைக்கழகம் அனுமதி தர வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியோ கடைசியில்தான் டி.சி. மற்ற விவரமெல்லாம் சுற்றறிக்கையில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். சுற்றறிக்கையில் இல்லாததைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

காவேரி என்று ஒரு பெண். நம் கல்லூரி இருக்கும் இந்த மலையிலேயே உள்ளடங்கிய ஓர் ஊர். கீழே ஒரு கல்லூரியில் பி.காம். முதலாம் ஆண்டு முடித்திருந்தாள். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், அவர்களும் நம்ம ஆட்கள்தான். அவள் தங்கியிருந்த விடுதியைப் பாதி வருஷத்திலேயே மூடிவிட்டார்கள். தினமும் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, திரும்ப ஏறி வர வேண்டிய நிலை. மழை நாளில் பஸ் எங்கே நிற்கும், எப்போது வரும் என்பது அந்த டிரைவருக்கே தெரியாது. படித்தது போதும் என்று ஊரில் பேச்சுக் கிளம்பிவிட்டது. இத்தனையும் சொல்லிவிட்டு, நம்மிடம் பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் இடம் கிடைக்குமா என்று கேட்டாள்.

"தூரம்தான் பிரச்சினைன்னா சரி. ஆனா பி.காம்ல இன்னா கொறை? நல்ல படிப்புதானே?" என்றேன். அப்படிக் கேட்பது என் வழக்கம். பஸ்ஸுக்காக மட்டும் படிப்பை மாற்றும் பிள்ளைகள் பாதியில் தவித்துப் போவார்கள்.

"கொறை ஒண்ணும் இல்ல மேடம். அதுல யாரோ வித்ததுக்கு நான் கணக்கு எழுதணும். எனக்கு விக்கத் தெரியணும்."

"இன்னாத்த விக்கப்போற?"

"சாமை, புளி. எங்க ஊர்ல வெளையறதுக்கு வெளியூர்க்காரங்க விலை சொல்றாங்க. விலைய நாங்க சொல்லணும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வணிக மேலாண்மை என்றால் என்ன என்று நான் முதல் வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்வதை இந்தப் பெண் ஒரு வரியில் சொல்லிவிட்டாளே என்று நினைத்தேன். எங்களிடம் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. முதல்வரிடம் போய்ச் சம்மதம் எழுதி வாங்கி, படிவத்தை அவள் கையில் கொடுத்து, பழைய கல்லூரி முதல்வரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். டி.சி. பேச்சையே எடுக்காதே, அது கடைசியில் என்றும் சொன்னேன். அவளுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் அவள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். கையெழுத்து வாங்க அப்பா தனியாகப் போனார்.

அப்பா பெயர் வெள்ளையன். மலையில் கொஞ்சம் நிலம், சாமை போடுவார், நாலைந்து புளியமரம். அடுத்த திங்கட்கிழமை காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. பின்னால் நின்ற காவேரி முகத்தில் அழுது ஓய்ந்த வீக்கம். அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"தீத்துக்கினு வந்துட்டேங்க."

பார்த்தால் டி.சி. நான் கொடுத்த படிவம் கையெழுத்தில்லாமல் பைக்குள்ளேயே கிடந்தது.

"இன்னாங்க இது? இதயா வாங்கச் சொன்னேன்?"

"பாப்பா சொல்லிச்சிங்க, மொதல்ல அந்த ஃபாரம்னு. எனக்கு அது மரியாதையாப் படலீங்க. எங்க ஊர்ல ஒரு பொண்ணு ஒரு வூட்ல வாழப் பிடிக்கலன்னா, ஊர் கூடித் தீத்து வுட்ருவாங்க. அதுக்கப்பறந்தான் அடுத்த வூட்ல பேச்சு. ஒரு வூட்ல இருந்துக்கினே இன்னொரு வூட்டுக்குப் பேச்சு குடுக்கறது தப்புங்க. அதான் மொதல்ல அந்தக் காலேஜ்ல தீத்துக்கினேன். இப்ப உங்க காலேஜுக்கு எந்தக் கறையும் இல்லாம பொண்ணக் குடுக்கறேன்."

அந்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? நாணயமான ஆள். அந்த நாணயத்தாலேயே மகளை நட்டாற்றில் நிறுத்திவிட்டார். டி.சி. வாங்கிவிட்டதால் அவள் அந்தக் கல்லூரி மாணவி இல்லை. அனுமதி வராததால் நம் மாணவியும் இல்லை. வேறு எதற்காகப் போயிருந்தாலும் அந்த அலுவலகத்தில் நாள் கணக்கில் அலைய விட்டிருப்பார்கள். இதை மட்டும் உட்கார வைத்து உடனே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கெடுதல் என்றால் ஃபைலுக்குக்கூட இறக்கை முளைக்கிறது.

அப்போது அலுவலகக் கண்காணிப்பாளர் முருகவேல் உள்ளே வந்தார். நல்லவர். ஆனால் எதையும் முத்திரை குத்தி முடித்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே டி.சி.யை எடுத்துவிட்டார்.

"இதுக்கா மேடம் இவ்ளோ யோசனை? போன வாரமே அட்மிஷன் போட்ட மாதிரி போட்டுட்டு, அனுமதிக்கு அப்பறமா எழுதிக்கலாம். யாரு பாக்கப்போறா?"

"கைய எடுங்க முருகவேல்."

"இல்ல மேடம், பொண்ணு நல்லதுக்குத்தான..."

"நல்லதுக்குன்னாலும் கைய எடுங்க. நம்ம சீல் அதுமேல படக்கூடாது."

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் சொன்னது தப்பு என்பதற்காக மட்டும் நான் தடுக்கவில்லை. நாம் சேர்த்துக்கொண்டதாக ஒரு முத்திரை விழுந்துவிட்டால், அந்த டி.சி. செல்லுபடி ஆகிவிட்டது என்று அர்த்தம். வேறு எந்தக் கல்லூரியும் தொடாத வரைக்கும், கொடுத்த முதல்வர் மனசு வைத்தால் அதை ரத்து செய்துவிட்டுப் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நாம் தொட்டுவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும். நெருக்கடி வந்தால் முதலில் எதையாவது செய்யத்தான் எல்லோருக்கும் தோன்றும். சில நேரம் எதையும் தொடாமல் இருப்பதுதான் வேலை.

பல்கலைக்கழகத்தில் அந்தப் பிரிவு அதிகாரிக்குப் போன் போட்டேன். அவர் சுருக்கமான மனிதர். "பழைய கல்லூரியில மாணவியா இருந்தாத்தான் மாற்றம் மேடம். இல்லன்னா மறுபடி முதல் வருஷம். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. வச்சிடட்டுமா?" என்றார். வைத்தும் விட்டார்.

ஆசிரியர் அறையில் சொன்னேன். ஆளாளுக்கு அறிவுரை. "முதல் வருஷத்துலயே சேத்துடுங்க மேடம், ஒரு வருஷம்தானே" என்று ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னார். எனக்கு வந்ததே கோபம். ஒரு வருஷம்தானே என்று சொல்கிறவர்கள் எப்போதும் அடுத்தவர் வருஷத்தைத்தான் சொல்வார்கள். தன் இன்க்ரிமென்ட் ஒரு மாதம் தள்ளிப்போனால் சங்கத்துக்கு ஓடுவார்கள். இதை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் என்னோடு வெகுநாள் பேசவில்லை, பரவாயில்லை.

திரும்பி வந்து காவேரியைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "மறுபடி முதல் வருசம்னா வருவியா?"

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நான் வருவேன் மேடம். அப்பாவும் அனுப்புவாரு. ஆனா ஊரு இன்னா சொல்லும்னா, ஒரு வருசம் கீழ போய்ட்டு வந்தா, ஒண்ணும் தேறல, மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கிறான்னு. அப்பா எத்தினி பேருக்குப் பதில் சொல்லுவாரு? எனக்குப் பின்னாடி வேற எந்தப் பொண்ணையும் கீழ அனுப்ப மாட்டாங்க."

இதுதான் நிலைமை. அவளுக்கு அந்த ஒரு வருஷம் போகக்கூடாது. போனால் படிப்பே போய்விடும். வெள்ளிக்கிழமைக்குள் பழைய கல்லூரி டி.சி.யை ரத்து செய்ய வேண்டும், படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அது பல்கலைக்கழகம் போய்ச் சேர வேண்டும்.

வெள்ளையனிடம் சொன்னேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் மூவரும் போகிறோம், நீங்கள் போய் மகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கேட்க வேண்டும் என்றேன். அந்த மனிதர் முகம் சுண்டிப்போயிற்று.

"தீத்துக்கினு வந்த வூட்டு வாசப்படியில மறுபடி நிக்கறதாங்க? அது என்னால ஆவாதுங்க. வேற இன்னா சொன்னாலும் செய்றேன்."

"பொண்ணு படிப்பு பெருசா, உங்க வறட்டு மரியாதை பெருசா?"

கத்தித்தான் கேட்டேன். அவர் மஞ்சள் பையை மடிக்க ஆரம்பித்தார். பதில் சொல்லாத ஆளிடம் மேலும் கத்தினால் சுவரோடு பேசுகிற மாதிரி ஆகிவிடும். தண்ணீர் குடித்தேன். அவருக்கும் கொடுத்தேன். விதிமுறை சொன்னாலும் இவர் அசைய மாட்டார், கெஞ்சினாலும் அசைய மாட்டார். இவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது இவர் ஊர் வழக்கம். அந்த வழக்கத்திலேயே வழி இருக்கிறதா என்று கேட்டுப்பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

"உங்க ஊர்ல தீத்துக்கினு போன பொண்ணு, மனசு மாறித் திரும்பி வந்ததே இல்லையா?"

அவர் யோசித்தார். "வந்திருக்காங்க."

"வந்தா இன்னா செய்வீங்க? துரத்திடுவீங்களா?"

"அப்பிடி இல்லீங்க. மறுபடி ஊர் கூடும். போனவங்க 'அவசரப்பட்டுட்டேன்'னு சொல்லணும். வூட்ல இருக்கறவங்க 'நாங்களும் நில்லுன்னு சொல்லல'ன்னு சொல்லணும். ரெண்டு பேரும் அவங்கவங்க வாயால சொல்லிட்டா, தீத்தது செல்லாது. பழையபடி அந்த வூட்டுப் பொண்ணுதான்."

"ஒருத்தர் மட்டும் சொன்னா?"

"அது போதாதுங்க. ஒருத்தர் மட்டும் தலை குனிஞ்சு வந்தா அந்தப் பொண்ணு அந்த வூட்ல நிமிந்து வாழ முடியாது இல்லீங்களா."

அடேயப்பா, என்ன ஒரு சட்டம் என்று வியந்துபோனேன். நம் ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களுக்கு இது தெரிந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள். "அப்போ உங்க பங்கை நீங்க சொல்லுங்க, அவர் பங்கை அவர் சொல்றாரான்னு பாப்போம்" என்றேன். இதற்கு அவர் சம்மதித்தார். வழக்கப்படி போவதில் அவருக்கு அவமானம் ஒன்றும் இல்லை. சம்மதிக்க வேண்டிய இன்னொரு ஆள் கீழே பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் என் கவலை. அவருக்கு இந்த வழக்கமும் தெரியாது, நாங்கள் வருவதும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கினோம். ஜமுனாமரத்தூரிலிருந்து வளைவு வளைவாக இறங்கும்போது நான் சுற்றறிக்கைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன். எந்த விதிப்படி ரத்து செய்யலாம், எந்தப் பத்தி, எந்த வரி என்று மனப்பாடம். காவேரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முதல்வர் கெட்டவர் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்குக்குப் பேர் போனவர். அந்தக் கல்லூரியைக் கூரைக் கட்டடத்திலிருந்து கட்டி எழுப்பியவர்களில் ஒருவர். எங்களை வெளியே வெகுநேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டார். டி.சி.யைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"டி.சி.ன்றது பஸ் டிக்கெட்டா மேடம், இறங்கி இறங்கி ஏற? இவரு வந்து நின்னாரு. பொண்ணை எடுத்துக்கறேன்னாரு. குடுத்துட்டேன். முடிஞ்சுது."

நான் சுற்றறிக்கையை எடுக்கப் பையைத் திறந்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"விதி எனக்கும் தெரியும். மலையில புதுசா ஒரு காலேஜ் வந்தா, எங்களை மதிக்காம எல்லாரும் அங்க ஓடுவீங்க. அங்க சிக்கல் வந்தா மட்டும் நாங்க வேணுமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவருக்கு விதியில் சந்தேகம் ஒன்றுமில்லை. இவர் மனசு நொந்திருக்கிறது. நொந்த மனசின் முன்னால் சுற்றறிக்கையை நீட்டினால் இன்னும் நோகும். பையை மூடினேன். அத்தனை மனப்பாடத்தையும் பஸ்ஸிலேயே விட்டு வந்திருக்கலாம். வெள்ளையனைப் பார்த்தேன்.

அவர் எழுந்து நின்றார். கை கட்டவில்லை, கும்பிடவில்லை. நேராக நின்று சொன்னார். "ஐயா, நான் அவசரப்பட்டுட்டேன்."

முதல்வர் டி.சி.யை ஓர் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"உங்கள மதிக்காம போனேன்னு சொல்றீங்க. மதிச்சதாலதாங்க வந்து தீத்துக்கினேன். எம் பொண்ணு உங்ககிட்ட ஒரு வருசம் படிச்சிருக்குது. அது பேரு உங்க காலேஜ்ல இருக்கறப்பவே நான் வேற எடத்துல எடம் போட்டா, அது உங்களுக்குப் பண்ற துரோகம் இல்லீங்களா? ரெண்டு வூட்ல கால் வெக்கிற குடும்பம்னு பேர் வரக்கூடாதுன்னு, மொதல்ல உங்ககிட்ட வந்தேன். அது உங்க சட்டத்துல தப்புன்னு இப்பத்தான் மேடம் சொல்றாங்க."

முதல்வர் கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், மறுபடி வைத்தார். இந்த மாதிரி நேரத்தில் நடுவில் புகுந்து ஏதாவது சொல்ல வாய் துடிக்கும். என் வாய் என்றால் கேட்கவே வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல்வர் காவேரியைப் பார்த்தார். "நீ எந்த செக்ஷன்ம்மா?"

"பி செக்ஷன் சார்."

"ஏன் போறே?"

அவள் சொன்னாள். விடுதி மூடியது, பஸ், ஊரில் பேச்சு, சாமை, புளி, விலையை நாங்கள் சொல்ல வேண்டும் என்பது. என்னிடம் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

பிறகு வெள்ளையன் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு நீங்க வந்து நின்னப்போ, ஏன் போறீங்கன்னு நான் ஒரு வார்த்தை கேக்கலை. இருங்கன்னும் சொல்லலை. கோவத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். கேட்டிருக்கணும்."

வெள்ளையன் என் பக்கம் குனிந்து, அறை முழுக்கக் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார். "சொல்லிட்டாருங்க."

"நான் என்ன சொன்னேன்?" என்று முதல்வர் விழித்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஊர் வழக்கம் இது, நீங்கள் தெரியாமலே உங்கள் பங்கைச் சொல்லிவிட்டீர்கள், இனி இந்தப் பெண் மறுபடியும் உங்கள் பெண்தான் என்றேன். அந்தக் கண்டிப்பான மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மணியடித்து, டி.சி.யை ரத்து செய்யும் உத்தரவைத் தட்டச்சு செய்யச் சொன்னார். படிவத்தில் கையெழுத்துப் போட்டார். எங்களுக்குக் காபி வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், வெள்ளையன் அந்தக் காபியைக் குடித்த தோரணையைப் பார்க்க வேண்டும், சம்பந்தி வீட்டில் குடிக்கிற மாதிரி குடித்தார்.

அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்குக் காவேரியை அழைத்துப் போகலாம் என்று கிளம்பினேன். போய்ச் சேர்வதற்குள் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்பி, மறுநாள் மறுபடி போனோம். அந்தச் சுருக்கமான அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன்.

"பி.காம். முதல் வருஷத்துல இல்லாத பி.பி.ஏ. பேப்பரெல்லாம் இவங்க தனியா எழுதணும். ரெண்டாம் வருஷப் பேப்பரோட சேத்து எழுதணும். ஒண்ணு போனாலும் அரியராத் தொங்கும். மலையிலருந்து வர்ற பொண்ணு, முடியுமா? யோசிச்சு சொல்லுங்க, அவசரம் இல்லை." இதை அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

என்னைக் கேட்டால் நான் ஆயிரம் சொல்வேன். ஆனால் எழுதப்போவது அவள். "அவளையே கேளுங்க" என்றேன்.

"சார், இத்தினி நாள் பஸ்ஸுல நின்னுக்கினு படிச்சேன். இனிமே காலேஜ் எங்க மலையிலயே. நின்ன நேரமெல்லாம் உக்காந்து படிப்பேன்" என்றாள்.

அதிகாரி முத்திரையை எடுத்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அனுமதி கையில் வந்த பிறகு, பழைய கல்லூரியில் முறைப்படி டி.சி. வாங்கினோம். அதை வாங்கவும் வெள்ளையன்தான் போனார். இந்தத் தடவை முதல்வர் அவரை வாசல்வரை வந்து வழியனுப்பினாராம்.

அதற்கு மேல் நடந்ததெல்லாம் காவேரியின் உழைப்பு. நான் அதில் பங்கு கேட்க மாட்டேன். விட்டுப்போன பாடங்களுக்குத் தனியாக வகுப்பெடுத்தோம். அந்த டிபன் பாக்ஸ்காரர்தான் தானாக வந்து புள்ளியியல் எடுத்தார், என்னோடு பேசாமலேயே. அவள் சந்தேகம் கேட்டுக் கேட்டே எங்களைப் படிக்க வைத்தாள். சந்தைப்படுத்தல் பாடத்தில் விலை நிர்ணயம் வரும்போதெல்லாம், புளிக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்பாள். பாடப்புத்தகத்தில் இருப்பது சோப்பும் பற்பசையும். நான் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு மறுநாள் வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவள் இன்றைக்கு என்ன செய்கிறாள் என்றால், ஊர்ப் பெண்கள் குழுவின் சாமையையும் புளியையும் சுத்தம் செய்து, கட்டி, திருப்பத்தூரிலும் வேலூரிலும் கடைக்குக் கொடுக்கிறாள். விலையை அவள்தான் சொல்கிறாள். பேரம் பேசினால் படியாது. நான் வாங்கினாலும் குறைக்க மாட்டாள்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை நான் பட்டியல் போடப்போவதில்லை, உங்களுக்கு மூளை இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்வேன். நம்மிடமிருந்து போகிறேன் என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், டி.சி. எழுதுவதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். பாதிப் பேர் போக வேண்டிய அவசியமே இருக்காது. போக வேண்டியவர்கள் நல்ல மனசோடு போவார்கள்.

அந்த வருஷத் தேர்வு முடிவு வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். மதியம் முடிவு வெளியானது. எங்கள் ஆசிரியர் அறையில் நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் என் போன் அடித்தது. கீழேயிருந்து அந்த முதல்வர். "மேடம், உங்களுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன். நீங்களே பாத்துக்கோங்க, நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பாதி உயிர் வந்தது. பக்கம் திறந்ததும் மேலிருந்து கீழே படித்தேன். இரண்டாம் ஆண்டுப் பாடங்கள், அதற்குக் கீழே முதலாம் ஆண்டில் விட்டுப்போன பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேர்ச்சி. ஒன்றுகூடத் தொங்கவில்லை. நான் அழுதேன். அழுவதை மறைக்கவும் இல்லை. டிபன் பாக்ஸ்காரர் எழுந்து வந்து கை கொடுத்தார், அன்றைக்குத்தான் என்னோடு பேசினார்.

காவேரியும் வெள்ளையனும் விடிந்ததிலிருந்து வராந்தாவில்தான் இருந்தார்கள். நான் வெளியே போனேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள். "எல்லாமா மேடம்?"

"எல்லாம்தான்."

"ஒண்ணுகூட...?"

"ஒண்ணுகூட இல்லடி. எல்லாம் பாஸு."

வெள்ளையனுக்குப் பாடங்களின் பெயர் தெரியாது. எத்தனை என்பதும் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். என்னிடம் வந்து கேட்டார். "அப்போ பாப்பா இப்ப எத்தினாவது வருசங்க?"

"மூணாவது வருசம்."

"வருசம் போவலீங்களே?"

"போவலீங்க. ஒரு நாள்கூடப் போவல."

அவர் தலையை ஆட்டினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்து, "வா, ஊர்ல சொல்லணும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.